டிம்மர் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் வரை வீடுகளிலும் சிறு மண்டபங்களிலும் வயரிங் வேலை பார்க்கும் எனக்குச் சில ஆண்டுகளாக மிகுதியாக வரும் அழைப்பு ஒரே மாதிரியானது. பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டோம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைத் திருப்பினால் விளக்கு துடிக்கிறது என்பார்கள். சிலர் அதற்குள் பல்பை இரண்டு முறை மாற்றியிருப்பார்கள். சிலர் டிம்மரையே மாற்றியும் பயனில்லாமல் சலித்துப் போயிருப்பார்கள். பெரும்பாலான இடங்களில் பல்பும் பழுதில்லை, டிம்மரும் பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, அவ்வளவுதான். டிம்மரின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் தொல்லை இது. ஒயரின் மறுமுனையில் என்ன வகையான சுமை, அதாவது மின்சாரத்தை இழுக்கும் விளக்கோ கருவியோ, தொங்குகிறது என்பதைப் பார்த்த பிறகே டிம்மரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். அதாவது மின்னழுத்தம் ஒரு விநாடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டு எழுகிறது. ஒவ்வொரு அரை அலையும் 10 மில்லி விநாடி நீள்கிறது. சுவரில் பொருத்தும் டிம்மர் இந்த அரை அலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை விளக்குக்கு அனுப்புகிறது. அலையின் முன்பகுதியை வெட்டுவது லீடிங் எட்ஜ் வகை. ட்ரையாக் என்னும் உறுப்பை வைத்துச் செய்யப்படுவதால் விலை குறைவு. கடைகளில் சாதாரண டிம்மர் என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். பின்பகுதியை வெட்டுவது டிரெய்லிங் எட்ஜ் வகை. இதில் டிரான்சிஸ்டர்கள் வேலை செய்கின்றன; மின்சாரம் பூச்சியத்திலிருந்து மெல்ல எழுவதால் விளக்குக்கு அதிர்ச்சி இல்லை, விலை மட்டும் கூடுதல்.

சுமைகளும் மூன்று வகை. குண்டு பல்பு, 230 வோல்ட் ஹாலஜன், ஹீட்டர் ஆகியவை வெறும் மின்தடைச் சுமைகள்; எந்த டிம்மரையும் பொறுத்துக்கொள்ளும். ஃபேன் மோட்டார், இரும்புக் கோர் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவை சுருள் உள்ள சுமைகள். இவற்றின் மின்சாரத்தைப் பாதி வழியில் துண்டித்தால் சுருள் எதிர்த்து மின்னழுத்தத்தை எகிறச் செய்யும் என்பதால், இவற்றுக்கு டிரெய்லிங் எட்ஜ் டிம்மர் போட்டால் டிம்மரே பறிபோகும். எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் ட்ரைவரும் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரும், முகப்பில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர் உள்ள சுமைகள். 230 வோல்ட் அலையின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். லீடிங் எட்ஜ் டிம்மர் அந்த உச்சத்துக்கு அருகில் திடீரென்று திறந்துகொள்ளும்போது, காலியாக இருக்கும் கண்டென்சர் ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கிறது. இது விநாடிக்கு நூறு முறை நடக்கிறது. நல்ல நிறுவனத் தயாரிப்புகளின் முதுகில் ஆர், எல், சி என்ற எழுத்துகள் இருக்கும்: ஆர் என்பது மின்தடை, எல் என்பது சுருள், சி என்பது கண்டென்சர். ஆர், எல் இரண்டும் இருந்தால் லீடிங் எட்ஜ். ஆர், சி இருந்தால் டிரெய்லிங் எட்ஜ். மூன்றும் இருந்தால் எதற்கும் பொருந்தும் வகை. எழுத்து எதுவும் இல்லாத டிம்மரைக் குண்டு பல்புக்கு மட்டும் உரியதாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

பரிசோதனைக்கு ஒரு குண்டு பல்பு

என் பையில் ஸ்க்ரூ டிரைவருக்கும் டெஸ்டருக்கும் அடுத்தபடியாக எப்போதும் இருப்பது, ஒரு முழ ஒயருடன் ஹோல்டரில் மாட்டிய 60 வாட்ஸ் குண்டு பல்பு. டிம்மர் கோளாறில் பாதியை இது ஒன்றே சொல்லிவிடும். முதலில் மெயின் போர்டில் அந்த வரிசைக்குரிய எம்.சி.பி.யை, அதாவது மின்சாரம் மிகுந்தால் தானே விழும் பாதுகாப்புச் சுவிட்சை, இறக்க வேண்டும். டிம்மரை அணைத்தால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அணைத்த நிலையிலும் அதன் உள்ளுறுப்புகள் வழியாகச் சிறிதளவு மின்சாரம் கசிந்து விளக்கின் ஒயருக்கு வந்துகொண்டிருக்கும், ஏணியின் மேல் நிற்பவருக்கு அந்தச் சிறு அதிர்ச்சியே கீழே விழப் போதுமானது.

முதல் சோதனையில் எல்.இ.டி. விளக்குகள் அனைத்தையும் விலக்கிவிட்டு, அந்த இடத்தில் குண்டு பல்பை மட்டும் இணைத்து எம்.சி.பி.யை ஏற்றி, குமிழை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் சீராக ஏறி இறங்கினால் டிம்மர் நலமாக இருக்கிறது. துடித்தால் கோளாறு டிம்மரிலோ, இணைப்பிலோ, வரும் மின்சாரத்திலோ இருக்கிறது. இரண்டாவது சோதனையில் எல்.இ.டி. விளக்குகளைத் திரும்ப மாட்டி, அவற்றோடு பக்கவாட்டில், அதாவது பேரலலாக, குண்டு பல்பையும் சேர்க்க வேண்டும். இப்போது எல்.இ.டி.யின் துடிப்பு நின்றால் சுமை போதவில்லை என்று பொருள். நிற்கவில்லை என்றால் எல்.இ.டி. ட்ரைவரும் டிம்மரும் ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டு விடைகளையும் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளுக்குச் செல்லலாம்.

குறைந்த வெளிச்சத்தில் விளக்கு துடிக்கிறது

ராயபுரத்தில் ஒரு சிறிய பிரார்த்தனைக் கூடத்தில் இருந்ததைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். மேடைக்கு மேலே 50 வாட்ஸ் ஹாலஜன் விளக்குகள் பன்னிரண்டு, ஆக மொத்தம் 600 வாட்ஸ். அவற்றுக்கு 1000 வாட்ஸ் டிம்மர் ஒன்று. பல ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை. கரண்ட் பில்லைக் குறைக்க எண்ணி, அதே ஹோல்டர்களில் மங்கச் செய்யத்தக்க 5 வாட்ஸ் எல்.இ.டி. விளக்குகளை மாட்டினார்கள். மொத்தச் சுமை 60 வாட்ஸாகிவிட்டது. குமிழைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தவுடன் பன்னிரண்டு விளக்குகளும் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கின; எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் துடித்ததால் விளக்கின் பழுது இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. வரிசையின் கடைசி விளக்கோடு என்னுடைய குண்டு பல்பைச் சேர்த்தேன். துடிப்பு அந்த நொடியே நின்றது. பல்பை விலக்கினேன், மீண்டும் வந்தது. கூடத்துப் பெரியவரை அழைத்து அவர் கண்ணெதிரிலேயே இதை மூன்று முறை செய்து காட்டினேன். புது விளக்குகளைத் திருப்பிக் கொடுக்கப் பொட்டலம் கட்டத் தொடங்கியிருந்தவர் அதை நிறுத்தினார்.

காரணம் ட்ரையாக்கின் இயல்பில் இருக்கிறது. அது ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு முறை திறந்துகொள்ள வேண்டும். திறந்த பிறகு தன் வழியே ஓடும் மின்சாரம் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தால்தான் திறந்தே இருக்கும். அந்த அளவுக்குக் கீழே போனால் அலை முடியும் முன்பே மூடிக்கொள்ளும், பிறகு மீண்டும் திறக்க முயலும். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஏறத்தாழ கால் ஆம்பியர் இழுக்கிறது. ஒற்றை 5 வாட்ஸ் எல்.இ.டி. சராசரியாக இருபது மில்லி ஆம்பியர் அளவே இழுக்கிறது, அதையும் சீராக இழுப்பதில்லை. குண்டு பல்புக்கென்று செய்த டிம்மர்களுக்கு 40 அல்லது 60 வாட்ஸ் என்று குறைந்தபட்சச் சுமை குறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் அதிகபட்ச வாட்ஸைப் படிக்கும் நாம், பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த எண்ணைப் படிப்பதில்லை. அந்தக் கூடத்தின் 60 வாட்ஸ் காகிதக் கணக்கில் எல்லையைத் தொட்டாலும், மங்கிய நிலையில் ட்ரையாக்கைப் பிடித்து வைக்க அது போதவில்லை.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. சிறந்தது, குறைந்தபட்சச் சுமை மிகக் குறைவாக உள்ள, எல்.இ.டி.க்கென்றே செய்யப்பட்ட டிரெய்லிங் எட்ஜ் டிம்மருக்கு மாறுவது. அந்தக் கூடத்தில் அதையே செய்தோம். அடுத்தது, டிம்மர் தயாரித்த நிறுவனமே தரும் கூடுதல் சுமைப் பெட்டியை விளக்குக்குப் பேரலலாகப் போடுவது. செலவே செய்ய இயலாதவருக்கு மட்டும் மூன்றாவதைச் சொல்வேன்: வரிசையில் ஒரு விளக்கைக் குண்டு பல்பாகவே விட்டுவிடுவது. ஜீரோ வாட்ஸ் பல்பு என்று நாம் அழைக்கும் இழை பல்பு பெயருக்குத்தான் ஜீரோ. அது உண்மையில் 12 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும். சில வேளைகளில் அதுவே போதும்.

துடிப்பு குமிழின் கடைசி ஓரத்தில் மட்டும் இருந்தால் வேறு வழி இருக்கிறது. பல டிம்மர்களில் முகப்புத் தட்டைக் கழற்றினால் பக்கத்தில் ஒரு சிறிய திருகு தெரியும். அது குறைந்தபட்ச வெளிச்சத்தை நிர்ணயிப்பது; துடிப்பு நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே அதை வைத்துவிட்டால் குமிழ் அதற்குக் கீழே போகாது. அப்படிச் செய்தால் போதிய அளவு மங்கவில்லையே என்று சிலர் குறைபடுவார்கள். நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் அளப்பதில்லை. கருவியில் 10 விழுக்காடு என்று காட்டும் வெளிச்சம் கண்ணுக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு போலத் தெரியும். ஆகவே 10 விழுக்காடு வரை இறங்கும் விளக்கு படுக்கையறைக்குப் போதாமல் போகலாம்; அங்கே 1 விழுக்காடு வரை இறங்கும் விளக்கையும் ட்ரைவரையும் தேடி வாங்குவதே முறை.

குமிழைத் திருப்பியும் வெளிச்சம் குறையவில்லை, அல்லது விட்டுவிட்டு எரிகிறது

விளக்கின் அடிப்பாகத்தையோ பெட்டியையோ எடுத்துப் படிக்க வேண்டும். மங்கச் செய்யத்தக்கது என்ற குறிப்பு இல்லையென்றால் தேடல் அங்கேயே முடிந்தது. சாதாரண எல்.இ.டி. பல்பின் ட்ரைவர், மின்னழுத்தம் குறைந்தாலும் வெளிச்சத்தை மாறாமல் வைத்திருக்கவே செய்யப்பட்டது. டிம்மர் குறைக்கக் குறைக்க அது ஈடுகட்டிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் இயலாமல் அணையும், கண்டென்சர் நிறைந்ததும் மீண்டும் எரியும். விநாடிக்கு ஒரு முறை கண் சிமிட்டுவது போல எரிந்து அணையும் விளக்கு இந்த வகையே. இதற்கு எந்த டிம்மரை மாற்றினாலும் பயன் இல்லை, விளக்கைத்தான் மாற்ற வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கும் டவுன் லைட்டுகளில் விளக்கு ஒன்று, ட்ரைவர் டப்பா ஒன்று எனத் தனித்தனியாக இருப்பதால், அங்கே ட்ரைவரை மட்டும் மாற்றினால் செலவு குறையும்; புது ட்ரைவரின் மில்லி ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாக இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சோக் போட்ட டியூப் லைட்டுக்கும் சாதாரண சி.எஃப்.எல். விளக்குக்கும் டிம்மர் கூடவே கூடாது.

ரீங்காரம் கேட்கிறது

சத்தம் சுவரிலிருந்து வருகிறதா, கூரையிலிருந்து வருகிறதா என்பதை இரவில் ஃபேனை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சுவரிலிருந்து வந்தால் டிம்மருக்குள் இருக்கும் சிறிய சோக் அதிர்கிறது. ரேடியோவில் இரைச்சல் வராமலிருக்கவும் மின்சாரம் திடீரென்று பாய்வதைத் தணிக்கவும் அந்தச் சோக் வைக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய ஒலி இயல்பானது. விலை குறைந்த டிம்மர்களில் சோக்கே இருக்காது, அங்கே சத்தம் விளக்குக்கு இடம்பெயரும், அருகில் ஏ.எம். ரேடியோவை வைத்தால் அது கரகரப்பதையும் கேட்கலாம். கூரையிலிருந்து சத்தம் வந்தால் எல்.இ.டி. ட்ரைவரோ டிரான்ஸ்ஃபார்மரோ லீடிங் எட்ஜ் டிம்மரின் திடீர்த் தாக்குதலை ஒவ்வொரு அரை அலையிலும் வாங்கிக்கொண்டிருக்கிறது. குமிழ் நடுவில் இருக்கும்போது, அதாவது டிம்மர் 325 வோல்ட் உச்சத்தில் திறக்கும் இடத்தில், சத்தம் மிகுந்தும் இரு ஓரங்களிலும் குறைந்தும் இருந்தால் ஐயமே வேண்டாம். டிரெய்லிங் எட்ஜுக்கு மாறினால் சத்தம் அடங்கும். அதுவரை விளக்குகள் எரிகின்றனவே என்று விட்டுவிட்டால், சத்தத்தோடு சேர்ந்து ட்ரைவரின் ஆயுளும் தேய்கிறது.

அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் பழைய வீடுகளை இடிக்காமல் மாடி எடுத்துக் கட்டியிருக்கும் இடங்களில் இந்தப் புகாரை மிகுதியாகக் கேட்கிறேன். முதலில் டிம்மரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாதாரண சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டும். மங்கல் மறைந்தால், டிம்மரின் கசிவே காரணம். குண்டு பல்பின் இழையைச் சூடேற்றக்கூடப் போதாத அந்தக் கசிவு எல்.இ.டி.யை மினுங்கச் செய்யப் போதும். மறையவில்லை என்றால், சுவிட்சில் சிவப்பாக மினுங்கும் இண்டிகேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சிறு விளக்கு எரிவதற்கான மின்சாரம் எல்.இ.டி. வழியாகவே போகிறது.

அதுவும் இல்லையென்றால் சுவிட்சை அணைத்து வைத்து, ஹோல்டரின் இரு முனைகளிலும் டெஸ்டரை வைக்க வேண்டும். ஒரு முனையில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால், அந்த வீட்டில் யாரோ ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலைச் சுவிட்சில் கொண்டுவந்திருக்கிறார்கள். இதை அழகுக்கான குறையாக எண்ணி விட்டுவிடக் கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பல்பு மாற்றும் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் ஃபேஸ் உயிரோடு காத்திருக்கிறது. மங்கலான விளக்கு அதைக் காட்டிக்கொடுத்தது நல்லதாயிற்று என்றே வீட்டுக்காரர்களிடம் சொல்வேன். டிம்மர் வேலையை ஒத்திவைத்து, அந்த இணைப்பை முதலில் மாற்றிவிட்டுத்தான் மறு வேலை. ஃபேஸ் சரியாகவே சுவிட்சில் இருந்தும் மங்கல் நீடித்தால், நீண்ட பைப்பில் ஒட்டியபடி போகும் ஒயர்களுக்கு இடையே ஏற்படும் சிறு கண்டென்சர் விளைவு காரணமாக இருக்கும். சாதாரண சுவிட்ச் உள்ள இடத்தில், விளக்குக்குப் பேரலலாக 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ் 2 வகைக் கண்டென்சர் ஒன்றைப் போட்டால் தீரும். டிம்மர் உள்ள இடத்தில் இந்தக் கண்டென்சரைப் போடக் கூடாது. டிம்மர் நிறுவனத்தின் சுமைப் பெட்டியையே போட வேண்டும்.

ஃபேன் உறுமுகிறது

விளக்கு டிம்மரும் ஃபேன் ரெகுலேட்டரும் முகப்பில் ஒரே மாதிரிக் குமிழ் வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. தண்டையார்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில், புதிதாகக் குடிவந்தவர் ரெகுலேட்டர் பழுதானதும் தன்னிடமிருந்த விளக்கு டிம்மரை அதே துளையில் பொருத்திவிட்டார். ஃபேன் சுற்றியது, ஆனால் குறைந்த வேகத்தில் இரவெல்லாம் உறுமியது. வெட்டுப்பட்ட அலை மோட்டாரின் சுருளுக்குள் போகும்போது தகடுகளும் சுருளும் அதிர்வதே அந்த உறுமல். மோட்டாரும் வழக்கத்தைவிடச் சூடாகும்.

படிப்படியாகத் திரும்பும் இன்றைய ரெகுலேட்டர்களுக்குள் ட்ரையாக் இல்லை, இரண்டு அல்லது மூன்று கண்டென்சர்கள் இருக்கின்றன. அவை அலையை வெட்டாமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைத்துத் தருவதால் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது. ஐந்தாம் படியில் கண்டென்சர் எதுவும் இல்லாமல் நேர் இணைப்பு. ஆகவே ஐந்தில் மட்டும் ஓடி மற்ற படிகளில் ஓடாத ஃபேனுக்கு ரெகுலேட்டரில் கண்டென்சர் போயிருக்கிறது. எல்லாப் படியிலும் மெதுவாகவே சுற்றினால், அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்கினால், ஃபேனின் தலைக்கு மேலே கிண்ணத்துக்குள் இருக்கும் கண்டென்சரை மாற்ற வேண்டும். பெரும்பாலான சீலிங் ஃபேன்களில் அது 2.5 மைக்ரோ ஃபாரட். ரிமோட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு ரெகுலேட்டரே கூடாது. அதற்குள் தனக்கென்று மின்னணுப் பலகை ஒன்று இருக்கிறது. பழைய ரெகுலேட்டர் வழியாக மின்சாரம் கொடுத்தால் ரிமோட் சொல் கேட்காமல் போவதில் தொடங்கி, பலகை கருகுவது வரை நடக்கும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்க வேண்டும்.

ஸ்ட்ரிப் லைட் மினுக்குகிறது, பாதிக்கு மேல் மங்குகிறது

12 வோல்ட் ஸ்ட்ரிப்பை மங்கச் செய்ய, அடாப்டருக்கு முன்னால் சுவர் டிம்மரைப் போடுவது பொதுவான தவறு. அடாப்டர் குழம்பி அணைந்து அணைந்து எரியும். டிம்மர் அடாப்டருக்குப் பின்னால், 12 வோல்ட் பக்கத்தில் வர வேண்டும், அதற்கு, மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுத் தந்து வெளிச்சத்தைக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். டிம்மர் என்று கேட்டு வாங்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது வாட்ஸ் அன்று, ஆம்பியர். மீட்டருக்கு 14.4 வாட்ஸ் இழுக்கும் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 72 வாட்ஸ். 12 வோல்டில் அது 6 ஆம்பியர். இதற்கு 8 ஆம்பியர் டிம்மரும் 100 வாட்ஸ் அடாப்டரும் போட்டால் இரண்டும் சூடாகாமல் நீடிக்கும். ஸ்ட்ரிப்பின் தொலைமுனை மட்டும் மங்கினால் டிம்மரைக் குறை சொல்ல வேண்டாம். மெல்லிய செம்புப் பட்டையில் மின்னழுத்தம் குறைந்துபோகிறது. மறுமுனைக்கும் தனி ஒயர் இழுத்து இணைத்தால் சரியாகும்.

மாலையில் மட்டும், அல்லது இன்வெர்ட்டரில் மட்டும் கோளாறு

காலையில் போய்ச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் வீடுகள் உண்டு. கத்திரி வெயில் காலத்தில் தெருவெங்கும் ஏ.சி. ஓடும் இரவு வேளையில் போய் மீட்டரை வைத்தால் மின்னழுத்தம் இருபது, இருபத்தைந்து வோல்ட் குறைந்திருப்பதைப் பார்க்கலாம். ட்ரையாக் டிம்மருக்குள் ஒரு சிறு கண்டென்சர் ஏறத்தாழ 30 வோல்ட் அளவுக்கு நிரம்பியதும் டையாக் என்னும் உறுப்பு ட்ரையாக்கைத் தட்டித் திறக்கிறது. வரும் மின்னழுத்தம் குறைந்தால் அது நிரம்பத் தாமதமாகி, ஏற்கெனவே மங்கலில் வைத்த விளக்கு இன்னும் மங்கும், அல்லது அணைந்தே போகும். குறைந்தபட்சத் திருகைச் சற்று ஏற்றி வைத்தால் போதும். ஆனால் ஒரு வீட்டில் மட்டும், அதுவும் மோட்டார் போடும்போது விளக்கு திடீரென்று பிரகாசமாகவும் மங்கலாகவும் ஆடினால் அது நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருப்பதன் அறிகுறி. அன்றே பார்க்க வேண்டியது, மறுநாளைக்கு விடக் கூடாதது.

இன்வெர்ட்டரில் மட்டும் கோளாறு என்றால் அது ஸ்குவேர் வேவ் வகையா என்று பாருங்கள். டிம்மர் கணக்கிடுவது மெல்ல எழுந்து விழும் அலையை நம்பி. சதுர அலையில் அந்த எழுச்சி இல்லாததால், குமிழைத் தொடாமலே வெளிச்சம் மாறும், ட்ரைவர் கத்தும், ஃபேனும் உறுமும். மென்மையாகத் தொடங்கும் டிரெய்லிங் எட்ஜின் நன்மையும் அங்கே கிடைக்காது. ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறும் வரை, டிம்மர் உள்ள வரிசையை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து வைப்பதே நல்லது.

டிம்மர் சுடுகிறது

கைக்கு இதமான சூடு இயல்பு. ட்ரையாக்கின் குறுக்கே ஒன்று முதல் ஒன்றரை வோல்ட் வரை எப்போதும் இழக்கப்படுகிறது. 400 வாட்ஸ் சுமையில் 1.74 ஆம்பியர் ஓடும்போது அது இரண்டு வாட்ஸ் அளவுக்கு வெப்பமாகிறது, காற்றோட்டமில்லாத சுவர்ப் பெட்டிக்குள். விரலை வைத்திருக்க முடியாத சூடும் பிளாஸ்டிக் வாசனையும் இயல்பல்ல. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று டிம்மர்களை நெருக்கி வைத்திருந்தால் ஒவ்வொன்றின் சுமையையும் குறைக்க வேண்டும். எல்.இ.டி. சுமையைக் கணக்கிடும்போது, டிம்மரில் எல்.இ.டி.க்கென்று தனி எண் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இல்லையென்றால் நான் குண்டு பல்புக்குரிய எண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவதில்லை. 400 வாட்ஸ் டிம்மருக்கு 40 வாட்ஸ் எல்.இ.டி. என்றால் பலருக்கும் வியப்பாக இருக்கிறது, ஆனால் கண்டென்சர்கள் ஒரே கணத்தில் இழுக்கும் மின்சாரம் சராசரியைப் போலப் பல மடங்கு.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர்க் கரையோர வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று ஸ்க்ரூ முனைகளில் செம்பைப் பச்சை பூக்கச் செய்கிறது. காசிமேட்டில் ஒரு வீட்டில் டிம்மர் சுடுகிறது என்று அழைத்தார்கள். வெளியே இழுத்தபோது டிம்மர் குளிர்ந்தே இருந்தது, ஃபேஸ் ஒயரின் முனை மட்டும் கரும்பச்சைப் பொடியாகி, ஒரு விரற்கடை நீளத்துக்கு மேல்தோல் உருகியிருந்தது. ஒயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, சீவி, புது முனையில் இறுக்கிய பிறகு அதே டிம்மர் இன்னும் ஓடுகிறது. கரையோர வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஸ்க்ரூக்களை இறுக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

குமிழ் எங்கே இருந்தாலும் முழு வெளிச்சம்

குண்டு பல்புச் சோதனையிலும் முழு வெளிச்சமே வந்தால் ட்ரையாக் ஷார்ட் ஆகிவிட்டது. அது பழுதாகும்போது பெரும்பாலும் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். குண்டு பல்போ ஹாலஜனோ இழை அறுந்து போகும் கணத்தில் உள்ளே ஒரு பொறி தாவி, மிகுந்த மின்சாரம் இழுக்கப்படுகிறது. பல்போடு டிம்மரும் போவது இதனால்தான். பல்பு போன அன்றே டிம்மரும் பழுதானதா என்று வீட்டுக்காரரைக் கேட்டால் ஆமாம் என்பார். பழைய டிம்மர்களில் பி.டி. 136 போன்ற ட்ரையாக்கை மாற்றி உயிர் கொடுக்க முடியும். ஆனால் அந்த வரிசை எப்படியும் எல்.இ.டி.க்கு மாறப்போகிறது என்றால் அந்தக் காசைப் புது டிம்மரில் போடுவது நல்லது.

புதியதைப் பொருத்தி முடித்ததும், முகப்புத் தட்டின் உட்புறத்தில் வெள்ளை டேப் ஒட்டி, டிம்மரின் வகை, அதன் குறைந்தபட்சச் சுமை, அதிகபட்சச் சுமை, இப்போது அதில் இருக்கும் விளக்குகளின் எண்ணிக்கையும் வாட்ஸும் ஆகியவற்றை எழுதி வைக்கிறேன். ராயபுரம் கூடத்தில் எழுதியது இப்படி இருக்கும்: ‘டிரெய்லிங் எட்ஜ், ஆர் சி, எல்.இ.டி. 5 வாட்ஸ் 12, ஃபேன் இணைக்கக் கூடாது.’